கூடப் பிறந்த இரண்டையும் காணோம்

"அந்தம்மாவை யாரோ தண்ணியில மூழ்கடிச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க கட்டில்ல படுத்திருக்கும்போதே," என்றார் லேப் டாக்டர்.

காலை எட்டு மணி. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம். குளிர்பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. கதவை உள்பக்கம் தாழிட்ட பிறகுதான் டாக்டர் வாயைத் திறந்தார். தாழ் போட்டுவிட்டுப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பயம்.

என்னை எல்லாரும் ரேடியோ என்பார்கள். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது, இந்தத் தொழிலில் பயம் தினமும் வருகிறது. எங்கள் மேடம் நேர் எதிர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம், செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்களை உயிரோடு பிடித்துக் கொடுத்தவர். அதை விட்டு இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தபோது, என்னையும் மேஜை நாற்காலியோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"யார் அந்தம்மா?" என்றார் மேடம்.

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர். நாற்பத்தொரு வயசு. ஒரு ஜவுளிக்கடை லிஃப்ட் அறுந்து விழுந்து மூணு பேர் செத்தாங்களே, அந்த லிஃப்டை ஓட்டவே கூடாதுன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்தவங்க. லிஃப்ட் கம்பெனி மேல நடக்கற வழக்குல முக்கியமான சாட்சி. ரெண்டு தடவை வாய்தா வந்தது. ரெண்டு தடவையும் அதுக்கு ஒரு வாரம் முன்னாடி இங்க வந்து விழுந்தாங்க. தலைவலி, வாந்தி, உளறல், அப்புறம் வலிப்பு. உடம்புல தண்ணி தேங்கி, ரத்தத்துல சோடியம் உப்பு அதலபாதாளத்துல. இங்க நாலு நாள் இருந்தா சரியாயிடும். வீட்டுக்குப் போனா, அடுத்த வாய்தாவுக்கு மறுபடியும் ஆரம்பம்."

"அடுத்த வாய்தா?"

"வர்ற திங்கக்கிழமை."

அன்று புதன்கிழமை.

டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்தார். "உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைன்னு சிறுநீரகத்துக்குச் சொல்ல ஒரு ஹார்மோன் இருக்கு. மூளைக்கு அடியில, ஹார்மோன் சுரக்கிற நரம்பு செல்கள் அதைச் செய்யுது. ஆனா எடுத்த எடுப்புல ஹார்மோனா செய்யாது. முதல்ல நீளமா ஒரு புரதம். அது ஒரு குட்டிப் பைக்குள்ள போகும். அந்தப் பைக்குள்ளயே அது மூணு துண்டா வெட்டுப்படும். ஒண்ணு ஹார்மோன். மத்த ரெண்டும் அதோட கூட வர்ற துண்டுகள். பை திறந்தா மூணும் சேர்ந்துதான் ரத்தத்துல கொட்டும்."

"ஒரே பிரசவத்துல மூணு," என்றேன்.

"அப்படியே வச்சுக்கங்க. ஹார்மோன் சீக்கிரம் கரைஞ்சு போயிடும், அளக்கறது கஷ்டம். அதனால கூடப் பிறந்த ஒரு துண்டை அளப்போம். போன தடவை எடுத்து வச்ச ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பினேன். நேத்து சாயங்காலம் பதில் வந்தது."

மேடம் தாளைப் பார்த்தார். "கிட்டத்தட்ட பூஜ்யம்."

"ஆமா. உடம்பு தண்ணியை விடாம பிடிச்சிருக்கு. அப்ப ஹார்மோன் வேலை பாக்குதுன்னு அர்த்தம். ஆனா அளந்த துண்டு இல்ல. மூணும் சேர்ந்துதானே கொட்டும், அப்ப கூடப் பிறந்தது ரெண்டையுமே காணோம்."

"அப்ப அந்தத் தறுதலை இந்த வீட்டுப் பிள்ளையே இல்ல," என்றேன். "வெளியிலேர்ந்து வந்து உள்ள பூந்திருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது.

"மருந்தா செய்யற ஹார்மோன் ஒத்தையாத்தான் வரும்," என்றார் டாக்டர் மெதுவாக. "குடிச்ச தண்ணி உடம்புல நிக்காத நோய் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு அது அமுதம். தேவையில்லாத உடம்புக்குள்ள போனா மூளையே வீங்கிடும். போலீசுக்குப் போனா லேப்ல தப்பா இருக்கும்பாங்க. வீட்டுக்கு போன் பண்ணலாம். ஆனா போனை எடுக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதே."

மேடம் ஏற்கெனவே எழுந்திருந்தார்.

*

அந்தம்மாவின் அடுக்குமாடி வீடு, ஆறாவது மாடி. லிஃப்ட் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே போனது. இருந்தாலும் நான் கைப்பிடியை விடவில்லை.

நாங்கள் வெளியே வந்த அதே நேரம், படிக்கட்டில் ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். மூக்குக்கண்ணாடி நழுவியிருந்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் கணவர். கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வருகிறாராம்.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது சார்?" என்றேன்.

"படி ஏறினா உடம்புக்கு நல்லது," என்றவர், தோளில் தொங்கிய பாட்டிலைத் திறந்து ஒரே மூச்சில் காலி செய்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறோம் என்றார் மேடம். டாக்டர் அனுப்பித்தானே வந்தோம், அதில் பாதி உண்மை. கணவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போனார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் தட்டு தட்டாக அறை பிரித்த மருந்துப் பெட்டி. "நான் அவரோட தங்கச்சி. மருந்துக்கடை வச்சிருக்கேன். அண்ணிக்கு மருந்தெல்லாம் நான்தான் பாக்கறேன். எதுவானாலும் என்கிட்ட கேளுங்க."

நான் மேடத்தைப் பார்த்தேன். மருந்துக்கடை. நாத்தனார். கையில் பெட்டி. எனக்கு வழக்கு அந்த நிமிஷமே முடிந்துவிட்டது.

படுக்கையறையில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு கையை விரித்தே காட்டினார். அன்றைய தேதி. வீட்டு எண். மகள் படிக்கும் வகுப்பு.

"நேத்து என் பொண்ணு பேர் ரெண்டு நிமிஷம் ஞாபகம் வரல," என்றார். "அவ என் எதிர்ல நின்னுக்கிட்டிருக்கா. அம்மா அம்மாங்கறா. எனக்கு பேர் வரல. அவ பயந்துட்டா. நான் அதுக்கு மேல பயந்துட்டேன்."

குரல் குழறியது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைப்பது போல் பேசினார். "ரெண்டு மாசமா மூளையில கட்டி தேடறாங்க, ஒண்ணும் இல்லைங்கறாங்க. கட்டி இல்லன்னா பைத்தியம்தானே? கோர்ட்டுல என்னை யார் நம்புவாங்க?"

மேடம் கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீங்களா எடுத்துக்கற மருந்து ஏதாவது உண்டா?"

"மூக்கு ஸ்பிரே மட்டும். லிஃப்ட் குழிக்குள்ள எறங்கி எறங்கி தூசி ஒத்துக்காம போச்சு. பத்து வருஷமா அடிக்கிறேன்."

"ஆஸ்பத்திரியில?"

"அங்க வீட்டு மருந்து எதையும் விடமாட்டாங்க."

"அடிச்சா மூக்கு திறக்குதா?"

அந்தம்மா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சில வாரம் திறக்கும். சில வாரம் அடிச்சாலும் அடைச்சேதான் இருக்கும். இந்த வாரம் சுத்தமா திறக்கல. அதனால ரெண்டு தடவை சேர்த்து அடிக்கறேன்."

தலையணை அருகில் இருந்த சின்ன வெள்ளைப் பாட்டிலை நோக்கி அவர் கை போனது. மேடத்தின் கை அதற்கு முன்னால் போய்விட்டது. பாட்டில் கைக்குட்டைக்குள் மறைந்தது.

மூக்கைத் திறக்க வேண்டிய மருந்து மூக்கைத் திறக்கவில்லை. அப்படியானால் பாட்டிலுக்குள் இருப்பது மூக்கு மருந்தே இல்லை. சேர்த்துச் சேர்த்து அடித்திருக்கிறார்.

அப்போது அந்தம்மா என் தோளுக்கு மேலாக யாரையோ பார்த்தார். "அங்க யாரு?" என்றார்.

நான் திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

அடுத்த நொடி அவர் உடம்பு விறைத்தது. பல் கிட்டித்தது. கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன.

நாத்தனார் ஓடி வந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். "ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க! அண்ணா! அண்ணா!" ஒரு நிமிஷத்தில் வலிப்பு நின்றது, நினைவு திரும்பவில்லை. கணவரும் நானும் போர்வையோடு தூக்கினோம். மேடம் ஓடிப்போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது.

"லிஃப்ட் வேண்டாம்!"

கணவர் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவே திறந்துகொண்டது.

"சார், ஆறு மாடி! அவங்க..."

"வேண்டாம்னு சொல்றேன்ல! அதுல ஏத்தாதீங்க! கெஞ்சிக் கேக்கறேன், ஏத்தாதீங்க!" அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாதாட நேரமில்லை. படிக்கட்டில் இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தம்மாவின் கை தொங்கிச் சுவரில் உரசியது. உள்ளங்கையில் தேதி வியர்வையில் அழிந்துகொண்டிருந்தது. நான் எதை எதையோ பேசிக்கொண்டே இறங்கினேன். என்ன பேசினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேடம் மட்டும் லிஃப்டில் வந்தார்.

*

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான நடைக்கூடம். உள்ளே அந்தம்மாவுக்குக் கெட்டியான உப்புக் கரைசல் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்பிரே பாட்டில் லேப் டாக்டரின் கைக்குப் போய்விட்டது.

"நாத்தனார்தான் மேடம்," என்று கிசுகிசுத்தேன். "லிஃப்ட் கம்பெனிக்காரன் இவளை வளைச்சிருக்கான். மருந்துக்கடை வேற கையில இருக்கு. போலீசைக் கூப்பிடட்டுமா?"

மேடம் நடையின் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் அங்கே நின்று டம்ளரை நிரப்பினார், குடித்தார். மறுபடி நிரப்பினார், குடித்தார். மூன்றாவது டம்ளர். பிறகு வேகமாகக் கழிப்பறைப் பக்கம் நடந்தார். அரை மணி நேரத்தில் அது நான்காவது முறை.

மேடம் நாத்தனாரிடம் போனார். "உங்க அண்ணனுக்கு என்ன நோய்?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருஷம் முன்னாடி வண்டியிலேர்ந்து விழுந்து தலையில அடி. உடம்புல தண்ணியை நிறுத்தற ஹார்மோன் அவருக்குச் சுரக்கறதே இல்ல. மூக்குல அடிக்கிற மருந்து. ஆயுசுக்கும் அதுதான்."

தலையணை அருகில் இருந்த அந்த வெள்ளைப் பாட்டில் என் கண்முன் வந்தது.

"பாட்டில் நீங்கதான் கொண்டு வந்து கொடுக்கறீங்களா?"

"மாசத்துக்கு ஒண்ணு. என் கையாலதான் கொடுக்கறேன். கூட ஒரு பாட்டில் கேட்டதே இல்ல. ஆனா..." அவள் கழிப்பறைப் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மாசமா விட்டு விட்டு இப்படி ஆகுது. மருந்தே கேக்க மாட்டேங்குது. இந்த வாரம் ராத்திரி எல்லாம் எழுந்து எழுந்து போறார். பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்னா வேண்டாங்கறார்."

"எந்த வாரம் உங்க அண்ணனுக்கு மருந்து கேக்கலையோ, அந்த வாரம் உங்க அண்ணிக்கு மூக்கு திறக்கல," என்றார் மேடம்.

நாத்தனாருக்குப் புரிய நேரமாகவில்லை. மருந்துக்கடைக்காரி அல்லவா? பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இல்ல," என்றாள். "அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல. அண்ணின்னா அவருக்கு உயிர்."

கணவர் திரும்பி வந்தார். எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தார். ஓடவில்லை, மறுக்கவில்லை. சுவரோடு சாய்ந்து தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"அவ பொழைச்சுக்குவாளா?" என்றார்.

"உங்க மருந்து நின்னா பொழைச்சுக்குவாங்க," என்றார் மேடம்.

"மயக்கமா, சோர்வா இருந்தா போதும்னு நினைச்சேன். கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தா போதும். அவ பாட்டில் மருந்தைக் கொட்டிட்டு, எனக்கு அடிக்கறதுல பாதியை அதுல ஊத்தினேன். வலிப்பு வரும்னு சத்தியமா தெரியாது. முதல் தடவை வந்ததும் நிறுத்திட்டேன். வாய்தா தள்ளிப் போச்சு. அப்பாடான்னு இருந்தேன். மறுபடியும் கவர் வந்தது."

"என்ன கவர்?"

சட்டையின் உள்பையிலிருந்து நான்கு புகைப்படங்களை எடுத்தார். நான்கிலும் ஒரே பெண் குழந்தை. பத்து வயசு இருக்கும். எங்களை ஏற்றிச் சென்ற அதே லிஃப்டுக்குள் தனியாக நிற்கிறாள். எல்லாமே மேலேயிருந்து எடுத்தவை. தலை வகிடு தெரிந்தது. அவளுக்குத் தன் தலைக்கு மேல் ஆள் இருப்பது தெரியவில்லை.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அச்சடித்த ஒரே வரி: உங்க வீட்டு லிஃப்ட் நல்லா ஓடுதா?

பகல் வெளிச்சத்தில், நூறு பேர் நடமாடும் இடத்தில், என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை.

"எங்க கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கறதும் அதே கம்பெனிதான்," என்றார் கணவர். "அன்னியிலேர்ந்து பொண்ணைப் படியிலதான் கூட்டிட்டுப் போறேன். இவகிட்ட சொல்லியிருந்தா அடுத்த நிமிஷமே அவங்க ஆபீஸ்ல போய் நின்னிருப்பா. அவளை எனக்குத் தெரியும். அதனால..." முகத்தை மூடிக்கொண்டார். "போலீஸ்ல சொன்னா குழந்தையை ஏதாவது பண்ணிடுவாங்க. வேற வழி தெரியலைங்க."

மேடம் எழுந்தார். "ரேடியோ, குழந்தையோட பள்ளிக்கூடத்துக்குப் போ. அவ அத்தை இவங்களையும் கூட்டிக்கிட்டுப் போ. குழந்தையை நேரா நம்ம ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்துடு."

"நான் மட்டுமா?"

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

"எனக்கும்தான். ஓடு."

*

மறுநாள் மதியம் அந்தம்மாவுக்குத் தெளிவு வந்தது. நாத்தனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மேடம் எதையும் மறைக்காமல் முழுவதையும் சொன்னார்.

கேட்டு முடித்ததும் அந்தம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"இல்ல."

அவர் அழுதார். சத்தமில்லாமல், வெகுநேரம். பிறகு கணவரைப் பார்த்தார். கணவர் பார்வையைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பயந்தது தப்பில்லைங்க," என்றார் அந்தம்மா. "என்கிட்ட சொல்லாம, எனக்கும் சேர்த்து நீங்களே பயந்தீங்க பாருங்க, அதுதான் தப்பு. என் மூளையையே எடுத்துக்கிட்டீங்க. பெத்த பொண்ணு பேர் மறந்துபோச்சு எனக்கு."

கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து பாதிதான் வந்தது. அந்தம்மா கையை நீட்டினார், அவரிடம் அல்ல, மேடத்திடம். "அந்தப் படங்களைக் கொடுங்க."

மேடம் தயங்கினார். ஆனால் கொடுத்தார்.

முதல் படத்தைப் பார்த்ததும் அந்தம்மாவின் உதடு துடித்தது. இரண்டாவதிலிருந்து அவர் முகம் மாறியது. மகளைப் பார்ப்பதை விட்டு லிஃப்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இது கேமரா வச்சு எடுத்தது இல்ல. கூரையில அவசர வழி மூடி ஒண்ணு இருக்கும். அதைத் தூக்கிட்டு, லிஃப்ட் மேலயே ஒருத்தன் உட்கார்ந்து எடுத்திருக்கான். வெளியாள் அங்க ஏற முடியாது. மேல ஏற சாவி வேணும். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. வாங்கறவன் கையெழுத்து போடணும், தேதியோட. அந்தப் புத்தகத்தை வைக்கச் சொன்னதே நான்தான்."

"படத்துல தேதி இல்லையே," என்றேன்.

"பொண்ணு மேல இருக்கே. இதுல முழங்கையில கட்டு. விளையாடறப்ப விழுந்து கட்டு போட்டோம், மூணே நாள்தான் இருந்தது. இதுல கையில அட்டைப் பெட்டி வீடு. அறிவியல் கண்காட்சிக்கு ஒரே ஒரு நாள் எடுத்துட்டுப் போனா."

மேடத்தின் கண்கள் மின்னியதை அன்று பார்த்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், வாட்ச்மேன் அறைக்குப் பறந்தேன். கட்டு இருந்த மூன்று நாட்களில் ஒன்றிலும், கண்காட்சி நாளிலும் ஒரே கையெழுத்து. கம்பெனியின் மெக்கானிக். போலீஸ் அவனை வெள்ளிக்கிழமை காலை வேலை செய்யும் இடத்திலேயே பிடித்தது. படம் எடுக்கச் சொன்ன மேலாளரின் பெயரை அவன் மாலைக்குள் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை இரவு மேலாளரும் உள்ளே போனார்.

கணவர் யாரும் சொல்லாமல் தானாகவே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார். போகும்போது தன் மருந்து பாட்டிலைத் தங்கையிடம் கொடுத்து, இனி நீயே எனக்கு அளந்து கொடு என்றாராம். அவரை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அந்தம்மா எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திங்கள்கிழமை கோர்ட் நிரம்பி வழிந்தது. ஜவுளிக்கடையில் செத்த மூவரின் குடும்பங்களும் முன்வரிசையில் இருந்தன. அந்தம்மா கூண்டில் ஏறும்போது கால் லேசாகத் தள்ளாடியது. நாற்காலி போடச் சொன்னார் நீதிபதி. அந்தம்மா வேண்டாம் என்றார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சிரித்த முகம். "அம்மா, இந்த ரெண்டு மாசமா நீங்க புத்தி தெளிவில்லாம இருந்தீங்க. ஆஸ்பத்திரி ஆவணமே இருக்கு. உண்மைதானே?"

மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

"உண்மைதான்," என்றார் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். "எதனால அப்படி ஆச்சுன்னு தெரியும். யாரால ஆச்சுன்னும் தெரியும். லிஃப்டைப் பத்திச் சொல்லிட்டு அதைச் சொல்லவா, இல்ல அதை முதல்ல சொல்லவா?"

வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். பிறகு தன் கட்சிக்காரர்கள் பக்கம் பார்த்தார். அங்கே மேலாளரின் நாற்காலி காலியாக இருந்தது. வக்கீல் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.